பொட்டு வைக்க ஆளில்லாத கல்யாணம்

கூர்மராவ் இதுவரை போன தூரத்தை நீட்டிப் போட்டால் பூமியை ஐம்பது சுற்று சுற்றலாம். அத்தனையும் பாலகொண்டாவுக்கும் ஸ்ரீகாகுளத்துக்கும் நடுவே இருக்கும் நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டரிலேயே முடிந்துபோனது என்பதுதான் விஷயம். இருபத்தேழு வருஷமாக ஆர்.டி.சி. கண்டக்டர். முதலில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார், இப்போது மிஷினில் அடித்துக் கொடுக்கிறார். தனக்கென்று காசு கொடுத்து ஒரு டிக்கெட் வாங்கியதில்லை. அவருக்கும் பாஸ், மனைவி மங்கதாயாருக்கும் பாஸ். பஸ் போகாத ஊர் ஊர்க் கணக்கிலேயே சேராது என்பது தன் கொள்கை என்பார். அது கொள்கை இல்லை, சோம்பேறித்தனம் என்பாள் மங்கதாயாரு.

அப்படிப்பட்டவருடைய ஒரே சிநேகிதன், பஸ் போகாத இடத்தில் கல்யாணத்தை வைத்துவிட்டான்.

போன் வந்தபோது கூர்மராவ் ஸ்ரீகாகுளம் பஸ் ஸ்டாண்டில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஒரேய் கூர்மா, உட்கார்ந்திருக்கியா, நின்னுட்டிருக்கியா?"

"கண்டக்டர் என்னிக்குடா உட்கார்ந்தான். சொல்லு."

"கல்யாணம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்டா."

கூர்மராவ் உட்கார்ந்தார்.

பைடிராஜுவுக்கு ஐம்பத்திரண்டு வயசு. கூர்மராவுக்கும் அதேதான், இரண்டு மாசம் கூர்மராவ் மூத்தவர், அந்த இரண்டு மாசத்தை வைத்துக்கொண்டு ஐம்பது வருஷமாக அண்ணன் அதிகாரம் பண்ணுகிறார். இருபத்திரண்டு வயசில் பைடிராஜு போர்ட் பிளேருக்குக் கப்பலேறினான். அங்கே படகு இன்ஜின் மெக்கானிக். அம்மா போனபிறகு ஊர்ப் பக்கம் வரக் காரணம் இல்லாமல் போயிற்று. கூடப் பிறந்தவர்களும் இல்லை. கல்யாணம் என்ற பேச்சையே அவன் மறந்துவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"பொண்ணு யாருடா?"

"புண்யவதின்னு பேரு. பூர்வீகம் நம்ம டெக்கலிப் பக்கம். புருஷன் போய் எட்டு வருஷமாச்சு. இங்க ஒரு ஸ்கூல்ல சமையல். ரெண்டு வருஷமா அவ வீட்டுச் சாப்பாடுதான் எனக்கு, மாசக் காசு குடுத்து. ஒருநாள் மீன் குழம்பு நல்லா இருக்குன்னேன். அப்ப காசு குடுக்கறதை நிறுத்திடுங்கன்னுட்டா."

"அதுக்குப் பேரு கல்யாணமா?"

"அடுத்த நாளே அவ அண்ணன் தம்பி நாலு பேரும் வந்து பேசிட்டாங்க. நாலு பேரும் டிங்கியில மீன் பிடிக்கிறவங்க. கை ஒவ்வொண்ணும் துடுப்பு மாதிரி. மறுத்துப் பேச முடியுமா?" பைடிராஜு சிரித்தான். பிறகு கொஞ்சம் இறங்கின குரலில் சொன்னான்: "அவ பக்கம் ஆளுக்குக் குறைச்சலே இல்லடா. என் பக்கம்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாருன்னு புரோகிதர் கேக்கறாரு. நான்தான்னேன். நீ மாப்பிள்ளை, வீட்டுக்காரங்க யாருங்கறாரு. நீயும் மங்கதாயாரு வதினாவும் வந்து நின்னா போதும். நலுங்கு வைக்க ஒரு கை வேணுமில்ல. சங்கராந்தி கழிச்சு, மாக மாசம் முகூர்த்தம்."

பஸ் கிளம்பும் நேரம். வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகக் கூர்மராவ் போனை வைத்தார். அன்று ராஜாமுக்கு டிக்கெட் கேட்ட கிழவருக்குப் பாலகொண்டாவுக்கு அடித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பஸ் ராஜாம் போகாது என்று அவரிடமே சண்டையும் போட்டார்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கூர்மராவின் கல்யாணத்துக்குப் பைடிராஜு வந்திருந்தான். மூன்று நாள் கப்பலில் வந்து, முகூர்த்தத்துக்கு முதல்நாள் இறங்கி, பந்தியில் குனிந்து குனிந்து முந்நூறு பேருக்குச் சாதம் போட்டான். கல்யாணம் முடிந்தது, திரும்பிப் போகக் கப்பல் இல்லை. இன்று வரும், நாளை வரும் என்று இருபத்துமூன்று நாள் இவர்கள் வீட்டிலேயே கிடந்தான். வீடு என்றால் அப்போது ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். புதுப் பெண்ணாக வந்த மங்கதாயாரு, தான் யாரைக் கட்டிக்கொண்டோம் என்பதில் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது என்று இன்றும் சொல்வாள். கூர்மராவ் டியூட்டிக்குப் போய்விடுவார். தண்ணீர் இறைத்துக் கொடுத்தது, விறகு பிளந்தது, கருவாட்டுக் குழம்பில் புளி போதாது என்று குறை சொன்னது எல்லாம் பைடிராஜு. போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தபோது அவன் வேலை போயிருந்தது. அதை ஆறு மாசம் கழித்து, வேறு வேலை கிடைத்த பிறகுதான் கடிதத்தில் எழுதினான்.

ஆகவே போகத்தான் வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கூர்மராவும் யோசிக்க ஒன்றுமில்லை என்றே ஒரு வாரம் யோசித்தார்.

டிக்கெட் மிஷினின் காகிதச் சுருளைக் கிழித்து, பின்பக்கத்தில் செலவை எழுதிப் பார்த்தார். இரண்டு பேர் கப்பலில் போக வர, அடித்தட்டுப் படுக்கையே ஆனாலும், கல்யாணத்துக்குச் செய்யவேண்டிய முறை, வழிச் செலவு, திரும்பும் கப்பல் வரும்வரை இருக்கும் செலவு. எப்படிச் சுருக்கினாலும் இருபதாயிரத்தைத் தொட்டது. போன வருஷம் மகளைப் பொப்பிலியில் கட்டிக் கொடுத்தபிறகு தபால் ஆபீஸில் மிச்சம் இருந்தது இருபத்திரண்டு. அந்த இருபத்திரண்டுக்கு ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது. கொல்லையில் நெஞ்சு உயரத்துக்கு எழும்பி நின்ற குளியலறைச் சுவர்தான் அது. கூரையும் கதவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்ததிலிருந்து மங்கதாயாரு சுவருக்கு மேலே பழைய புடவையைக் கட்டி மறைத்துக்கொண்டுதான் குளிக்கிறாள். இந்த வருஷம் கோடைக்குள் கூரை என்று கூர்மராவ் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு முந்திய மூன்று கோடைகளுக்கும் அதே வாக்குத்தான்.

செலவுக் காகிதத்தில் எழுதாத ஒன்றும் இருந்தது. பைடிராஜு முதல்முதலாகப் போர்ட் பிளேருக்குக் கிளம்பியபோது வழியனுப்பப் போன அன்று, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கூர்மராவும் கப்பலுக்குள் ஏறினார். ஏறி, ஐந்தாவது நிமிஷம் வாந்தி எடுத்தார். கப்பல் அப்போது கரையில் கயிற்றால் கட்டித்தான் கிடந்தது. இதைத் தெரிந்தவன் உலகத்தில் பைடிராஜு ஒருவன் மட்டுமே என்று கூர்மராவ் நம்பிக்கொண்டிருந்தார். அந்த இருபத்துமூன்று நாளில் புதுப் பெண்ணுக்கு அவன் முதலில் சொன்ன கதையே அதுதான்.

மங்கதாயாரிடம் ஒரு சாயங்காலம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "பைடிராஜுக்குக் கல்யாணமாம். சும்மா நம்ம காதுலயும் போட்டு வெச்சான். அவ்வளவு தூரம் யார் போறது. குளியலறை வேற கிடக்கு."

மங்கதாயாரு முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ம்" என்றாள். அந்த "ம்"மில் ஒப்புதல் இருந்ததாகக் கூர்மராவ் எடுத்துக்கொண்டார்.

சிநேகிதனிடம் குளியலறையைச் சொல்ல முடியாது. ஒரு கூரைக்காகக் கல்யாணத்துக்கு வரவில்லை என்றால் எவன் மதிப்பான். ஆகவே அவனுக்கு வேறொரு காரணம் தேடினார். கிடைத்தது.

"ஒரேய், உங்க வதினா சங்கதி உனக்குத் தெரியாததா? பொட்டு வெச்சுக் கூப்பிடாத கல்யாணத்துக்கு அவ வாசப்படி தாண்டமாட்டா. போன்ல சொன்னதை எல்லாம் அழைப்புன்னே ஒத்துக்கமாட்டா. அவ இல்லாம நான் மட்டும் எப்படிடா வர்றது?"

இது முழுப் பொய்யும் இல்லை. அந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால் அந்த வீட்டுப் பெண்கள் குங்குமச் சிமிழோடு வந்து, இந்த வீட்டுப் பெண்ணின் நெற்றியில் பொட்டு வைத்துக் கூப்பிடவேண்டும். பத்திரிகை பேருக்குத்தான். மங்கதாயாருடைய அத்தை மகள், அடுத்த தெருதானே என்று போனில் கூப்பிட்டுவிட்டாள். கல்யாணத்தன்று மங்கதாயாரு நண்டு வாங்கிவந்து, வாசனை அடுத்த தெருப் பந்தல்வரை போகும்படி மசாலா அரைத்துக் குழம்பு வைத்தாள். போகவில்லை.

மறுமுனையில் பைடிராஜு ஓடிக்கொண்டிருந்த படகு இன்ஜினை அணைத்தான்.

"வதினா கேக்கறது நியாயம்தான்," என்றான். "பொட்டு வைக்க எங்கிட்ட யார் இருக்கா. பொண்ணு வீட்டுக்காரங்க வந்து என் பக்கத்து ஆளைக் கூப்பிட முடியாதில்ல. சரிடா, பரவாயில்ல. தாண்ட்ரா மட்டும் யாராவது கப்பல்ல வந்தா குடுத்தனுப்பு."

வெயிலில் காயவைத்த மாம்பழத் தாண்ட்ராவை அவன் முப்பது வருஷமாகக் கேட்கிறான், இவரும் கொடுத்தனுப்புகிறார். அதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் அன்று கூர்மராவுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. டிபன் டப்பாவை டிரைவர் சன்னாசி நாயுடுவிடம் தள்ளினார். பதினொரு வருஷமாக இவருடைய பஸ்ஸை ஓட்டுபவர் நாயுடு. முன்னால் ரோடும் பின்னால் கூர்மராவின் பேச்சுமாக அவர் காலம் போகிறது. சாப்பிட்டுக்கொண்டே முழுக் கதையையும் கேட்டுக்கொண்டார்.

"ஆக, பொட்டு வைக்காததுதான் குறை," என்றார் நாயுடு.

"அதான்."

"உனக்கு ஒண்ணுமில்ல. எல்லாம் மங்கதாயாருக்குத்தான்."

"அவ சுபாவம் உனக்குத் தெரியுமில்ல."

"தெரியும். உன் சுபாவமும் தெரியும். பாகற்காய் வறுவல் நல்லா இருக்கு."

நாயுடு வீட்டுக்குப் போய் மனைவி அம்மாஜியிடம் சொன்னார். அம்மாஜி மறுநாள் காய்கறி வண்டியருகே மங்கதாயாரிடம் சொன்னாள். பஸ்ஸாக இருந்தால்கூட நடுவில் நாலு இடத்தில் நின்றிருக்கும்.

அன்று மங்கதாயாரு சாதம் போடும்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பைடிராஜு கல்யாணம் என்னிக்கு? தேதி சொன்னானா?"

"மாக மாசம் பஞ்சமி. எதுக்கு?"

"சும்மா. காதுல போட்டு வெச்சுக்கத்தான்."

அடுத்த வெள்ளிக்கிழமை கூர்மராவுக்கு வார விடுப்பு. காலையில் அவர் எழுந்தபோது மங்கதாயாரு தலைக்குக் குளித்து, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப் புடவையைக் கட்டியிருந்தாள். கையில் வெள்ளிக் குங்குமச் சிமிழ். வாசலில் அம்மாஜியும் பட்டுப் புடவையில் நின்றாள்.

"உப்புமா மூடி வெச்சிருக்கேன். மதியத்துக்குள்ள வந்துடுவேன்."

"யார் வீட்டுல விசேஷம்?"

"நமக்கு வேண்டியவங்க," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

பத்து மணிக்குக் கூர்மராவ் டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் இருந்த வாத்தியார் நகர்ந்து இடம் கொடுத்தார். அந்த மனிதர் யாருக்கும் நகர்ந்து பழக்கமில்லை.

"வாங்க கூர்மராவ். மாப்பிள்ளை வீட்டுக்காரரு ஆச்சே. கல்யாணத்துக்கு ஸ்பெஷல் பஸ் விடறீங்களா?"

"எந்தக் கல்யாணத்துக்கு?"

"அந்தமானுக்குத்தான். டைரக்ட் பஸ்ஸா, நடுக்கடல்ல இறங்கி மாறணுமா?"

கடைக்காரர் டீயை ஆற்றியபடியே சேர்ந்துகொண்டார். "எங்க வீட்டுல பொட்டு வெச்சுட்டு, குடும்பத்தோட வந்து சாப்பிட்டுப் போங்கன்னாங்க உங்க வீட்டம்மா. எங்க வீட்டுல இப்ப ஒரே சண்டை. எந்தப் புடவை கட்டறதுன்னு."

"கண்டக்டர் தம்பி கல்யாணம்னா பாதி டிக்கெட்தானே," என்றார் வாத்தியார். "எங்க சின்னவனுக்கு அஞ்சு முடியல இன்னும்."

டீயைக் குடிக்காமலே கூர்மராவ் எழுந்தார். தெருவில் நடக்க நடக்க அது உறுதியாயிற்று. ரைஸ் மில்காரர் வீட்டில் பொட்டு, தபால்காரர் வீட்டில் பொட்டு. நண்டு வாசனை பட்ட அத்தை மகள்கூட நெற்றியில் புதுக் குங்குமத்தோடு வாசலில் நின்று, "பாவா, எங்களை எல்லாம் மறக்காம கூப்பிட்டதுக்குச் சந்தோஷம்" என்றாள். அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று யோசிக்கும் நிலையில் அவர் இல்லை.

மங்கதாயாரு வீடு திரும்பும்போது மணி பன்னிரண்டரை. கூர்மராவ் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன பண்ணிட்டு வந்த?"

"நாப்பத்தோரு வீடு. மேலத் தெரு மட்டும் பாக்கி, வெயில் ஏறிடுச்சு."

"கடலுக்கு அந்தப் பக்கம் நடக்கிற கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டியா? யாராவது வருவாங்களா?"

"வராததைப் பத்தி என்ன. கூப்பிடணும். மாப்பிள்ளைக்கு அம்மா இல்ல, அக்கா தங்கச்சி இல்ல. அண்ணன் பொண்டாட்டி ஒருத்திதான் இருக்கா. அவதானே பொட்டு வைக்கணும்." சிமிழை மூடினாள். "எனக்குப் பொட்டு வைக்கலைன்னு சொன்னீங்களாமே. பொட்டு வைக்கிற வீட்டுக்காரிக்கு யாருங்க பொட்டு வைப்பாங்க?"

கூர்மராவ் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"எங்கிட்ட குளியலறை, அவன்கிட்ட பொட்டு. ரெண்டையும் என் தலையிலயே தூக்கி வெச்சீங்க. வாந்தியை மட்டும் யாருக்கும் தெரியாம மடியில கட்டி வெச்சுக்கிட்டீங்க."

"எந்த வாந்தி?"

"கட்டிப்போட்ட கப்பல்ல எடுத்தது."

திண்டாடிப்போய்க் கூர்மராவ் பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்தார். நல்லவேளை, யாரும் இல்லை.

"அந்த ராஸ்கல் எப்ப சொன்னான்?"

"கல்யாணமாகி மூணாம் நாள். இந்த மனுஷனை நம்பித் தொலைதூரம் எங்கயும் கிளம்பிடாதீங்க வதினான்னான். நானும் இருபத்தாறு வருஷமா கிளம்பல."

அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். கூர்மராவ் பின்னாலேயே போய் அடுப்படி வாசலில் நின்றார். குரலைத் தணித்துக்கொண்டார். "மங்கா, பணம் இருக்கறது அவ்வளவுதான். அங்க போனா கூரை இல்ல. திரும்ப எப்ப வருவோம்னும் தெரியாது. சம்பளமில்லா லீவு வேற ஆகும். யோசிச்சுத்தான் பேசறியா?"

"யோசிக்காம நாப்பத்தோரு வீடு ஏறுவேனா இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு?" மங்கதாயாரு சோற்றை வடித்தாள். "கூரை மூணு வருஷமா வரல. நாலாவது வருஷமும் வராது, அவ்வளவுதான். புடவை கட்டிக் குளிக்கத் தெரியும் எனக்கு. அங்க அந்த ஆள் மணையில உட்கார்ந்து, நலுங்கு வைக்க யாருன்னு திரும்பிப் பார்த்தா, பொண்ணு வீட்டுத் துடுப்புக் கைங்க நாலுதான் இருக்கும். நல்லாவா இருக்கும்?"

கூர்மராவ் கஞ்சிப் பாத்திரத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

"ஆனா ஒண்ணு. வந்ததும் கோடை முழுக்க டபுள் டியூட்டி. மழைக்கு முன்னால கூரை, கதவு, உள்ள தாழ்ப்பாள். தாழ்ப்பாள் பித்தளையில."

"சரி."

"முழுசா கேட்டுட்டுச் சரின்னு சொல்லுங்க. துணி காயப்போட ஒரு—"

"சரின்னேன்ல."

சாயங்காலம் சன்னாசி நாயுடு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்ன வேலை பண்ணி வெச்சிருக்காங்க உங்க வீட்டுல? அம்மாஜி கூடத் துணைக்குத்தானே போனா. திரும்பும்போது அவளுக்கும் ஒரு பொட்டு வெச்சு அனுப்பிட்டாங்க. இப்ப என்னடான்னா, ராஜாமுக்கு அந்தப் பக்கம் தன்னை யாருமே பொட்டு வெச்சுக் கூப்பிட்டதில்லையாம், போயே ஆகணுமாம். அவ நெத்தியில வெச்ச பொட்டுக்கு நான் டிக்கெட் வாங்கணும்."

"சும்மா முறைக்குக் கூப்பிட்டதுப்பா," என்றார் கூர்மராவ்.

"அதை அவகிட்ட நீ போய்ச் சொல்லு. நகை வாங்கக் கட்டிட்டு வந்த சீட்டுப் பணத்தை இன்னிக்கே எடுத்துட்டா." நாயுடு குரலை இறக்கினார். "கப்பல் ரொம்ப ஆடுமோ?"

"கட்டிப்போட்டிருந்தா ஆடாது," என்றாள் மங்கதாயாரு உள்ளேயிருந்து.

அடுத்த வாரம் கூர்மராவ் பாஸைக் காட்டி விசாகப்பட்டினம்வரை போய், துறைமுகத்துக்கருகே கப்பல் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் வரிசையில் நின்றார். மங்கதாயாரும் கூட வந்திருந்தாள்; தனியாக அனுப்பினால் டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பார் என்று அவளுக்குச் சந்தேகம். வரிசை எறும்பாக நகர்ந்தது. முன்னால் நின்ற இரண்டு பேரை உள்ளே தள்ளி நிற்கச் சொன்னார் கூர்மராவ், பழக்கதோஷம். அவர்கள் முறைத்தார்கள்.

கவுன்ட்டரில் அடையாள அட்டைகளைக் கொடுத்து, நாலு டிக்கெட்டுக்கும் ஐந்நூறு ஐந்நூறாக எண்ணி வைத்தார். உள்ளே இருந்த ஆள் நோட்டுகளைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தார்.

"சில்லறை இல்லையா? காலங்காத்தால எல்லாரும் ஐந்நூறை நீட்டினா நான் எங்க போறது?"

கூர்மராவ் திரும்பி மங்கதாயாரைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரில் இருந்த கப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த ஆள் டிக்கெட்டின் பின்பக்கம் நாற்பது என்று எழுதி வட்டம் போட்டு, "அப்புறம் வாங்கிக்கங்க, ஓரமா நில்லுங்க" என்றார்.

ஓரமாக நின்றார். டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் பெயர், வயசு, படுக்கை நம்பர். பிறகு போனை எடுத்தார்.

"ஒரேய் பைடிராஜு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாலு பேர். டிக்கெட் எடுத்தாச்சு. புரோகிதர்கிட்ட சொல்லிடு."

லைன் போய்விட்டதோ என்று கூர்மராவ் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

"நாலு பேரா," என்றான் பைடிராஜு. பக்கத்தில் யாரிடமோ அதையே உரக்கச் சொன்னான். "சரி. சொல்லிடறேன். வதினாகிட்ட குடு."

கூர்மராவ் போனை நீட்டினார். மங்கதாயாரு கேட்டாள், தலையாட்டினாள், இன்னும் கொஞ்சம் கேட்டாள், வைத்துவிட்டாள்.

"என்னவாம்?"

"வீட்டுல இருந்தே ஒரு பக்கெட் எடுத்துட்டு வரச் சொன்னான். கப்பல்ல குடுக்கறது உங்களுக்குப் பத்தாதாம்." அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாங்க, பதினொண்ணரை பஸ்ஸைப் பிடிக்கலாம்."

"நாப்பது ரூபா வரட்டும்," என்றார் கூர்மராவ், அசையாமல்.